ஒரே பாட்டைப் பலருக்கு உரிமம் கொடுக்கும் வழி: முதல் தாளிலிருந்து பதிவேடு வரை

சொந்தமாகப் பாட்டு செய்கிறவர்களில் பலர், முதலில் வந்து கேட்கிறவரிடமே பாட்டை முழுசாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ கைக்கு வருகிறது, அதோடு அந்தப் பாட்டு போய்விடுகிறது. ஆனால் பாட்டை உங்களிடமே வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்க முடியும். திருமண வீடியோ எடுப்பவர், குறும்பட இயக்குநர், கடை விளம்பரம், யூடியூப் சேனல் என்று ஒரே பாட்டு பல இடங்களில் சம்பாதிக்கும்.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதல் உரிமத்தில் செய்த பிழை ஐந்தாவது உரிமத்தில்தான் தலைதூக்கும். கீழே உள்ளவை இந்தியச் சட்டத்தின்படி, சினிமாவுக்கு வெளியே செய்யப்படும் தனிப்பாடல்களுக்கானவை. விளக்குவதற்கு ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன்: நாதஸ்வரமும் எலக்ட்ரிக் கிடாரும் சேர்ந்த கல்யாண வரவேற்புப் பாட்டு, 3 நிமிடம் 40 விநாடி. மெட்டு என்னுடையது, வரிகள் நண்பருடையது, பாடியவர் இன்னொருவர்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இறுதி மிக்ஸ், அதன் ப்ராஜெக்ட் கோப்பு (குரலும் கருவிகளும் தனித்தனி டிராக்காக இருக்கும் மூலக் கோப்பு), வேலை செய்த அத்தனை பேருடைய முழுப்பெயர், ஸ்டுடியோவுக்கும் கலைஞர்களுக்கும் பணம் கொடுத்ததற்கான ரசீது. பிறகு உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு விவரம். ப்ராஜெக்ட் கோப்பு எதற்கு என்று கேட்பார்கள். "இதில் பாடகர் குரல் இல்லாமல் வேண்டும்" என்று மூன்றாவது வாடிக்கையாளர் கட்டாயம் கேட்பார். அப்போது ஹார்டு டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் அந்த வருமானம் போச்சு.

1. பாட்டு யாருடையது என்று முதலில் எழுதி முடியுங்கள்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டும் இசையும் இசைப் படைப்பு. பதிவு செய்யப்பட்ட ஒலி தனிப் படைப்பு, அதைத்தான் மாஸ்டர் என்கிறோம். இவை போகப் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. வாங்குகிறவர் வீடியோவில் பாட்டைப் போட வேண்டுமென்றால் இவை எல்லாவற்றிலும் தடை இல்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் மெட்டு மட்டும் போட்டவராக இருந்தால், தனியாக யாருக்கும் முழுப் பாட்டுக்கு உரிமம் தர முடியாது.

அதனால் முதல் வேலை பங்குத்தாள். வரிகள் யாருடையது, மெட்டு யாருடையது, மாஸ்டரில் யாருக்கு எத்தனை சதவீதம், உரிமம் கொடுத்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம், பணம் வந்தால் எத்தனை நாளுக்குள் பிரிப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இதை ரெக்கார்டிங் நாளிலேயே செய்யுங்கள். என் நண்பர் அன்று, "நம்ம ரெண்டு பேருக்குள்ள தாள் எதுக்குண்ணே?" என்றார். "நமக்கு வேண்டாம் தம்பி, வாங்க வர்றவங்க கேட்பாங்க" என்றேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆறு மாதம் கழித்து, பணம் வந்த பிறகு இதே பேச்சைத் தொடங்கினால் நட்பே சிக்கலாகிவிடும்.

கையெழுத்து அதிகாரத்தை ஒருவரிடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டாக உரிமை உள்ள படைப்புக்கு ஒருவர் மட்டும் உரிமம் கொடுத்தால் அது நிற்காது, மற்றவரின் சம்மதமும் வேண்டும். ஒவ்வொரு கல்யாண வீடியோவுக்கும் நான்கு பேரைத் தேடி அலைய முடியாது.

பாடியவரிடமும் நாதஸ்வரம் வாசித்தவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். "பலருக்கு, பல ஊடகங்களில் பயன்படுத்த உரிமம் கொடுக்கச் சம்மதம்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். "பாடியதற்குப் பணம் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீது மட்டும் போதாது. பணம் வாங்கியதும் இந்தச் சம்மதமும் வேறு வேறு.

நீங்கள் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்துக்கு இசை செய்பவராக இருந்தால் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலையின் பகுதியாகச் செய்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் நிறுவனம்தான்.

2. பாட்டுக்குள் இருக்கும் பிறர் சரக்கைத் தேடுங்கள்

ப்ராஜெக்டைத் திறந்து ஒவ்வொரு டிராக்காகக் கேளுங்கள். டோல் லூப் (ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத் துண்டு) எங்கிருந்து வந்தது? கோரஸ் எந்த பேக்கிலிருந்து எடுத்தது? ராயல்டி ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் அதற்கும் உரிமம் உண்டு. பெரும்பாலும் பாட்டுக்குள் கலந்து பயன்படுத்தலாம், ஆனால் லூப்பைத் தனியாக எடுத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. நீங்கள் பிறகு ஸ்டெம்ஸ் (குரல், கருவி என்று தனித்தனியாகப் பிரித்த கோப்புகள்) விற்கும்போது இது இடிக்கும், ஏனென்றால் அந்த டோல் டிராக் அப்போது தனிக் கோப்பாக வெளியே போகிறது.

பழைய பாட்டிலிருந்து இரண்டு விநாடி எடுத்திருந்தாலும் அதை அகற்றி மறுபடி வாசியுங்கள். "இவ்வளவு சின்னத் துண்டு பரவாயில்லை" என்ற எண்ணம்தான் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. பலருக்கு விற்கப்போகும் பாட்டில் ஒரு துண்டு தவறாக இருந்தால், வாங்கிய அத்தனை பேருக்கும் அந்தத் தவறு சேர்ந்தே போகும்.

3. ஏற்கெனவே எதைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பாருங்கள்

இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது ஐபிஆர்எஸ். இசையமைப்பாளர், பாடலாசிரியர், வெளியீட்டாளர்களுக்கான பதிப்புரிமைச் சங்கம் அது. அதில் உறுப்பினராகச் சேரும்போது உங்கள் படைப்புகளைப் பொதுவில் நிகழ்த்தும் உரிமை போன்றவற்றைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். நான் சேரச் சொல்வேன். ஓட்டல்களிலும் மேடைகளிலும் ஒலிபரப்பிலும் போடும் பாட்டுக்குத் தனி ஆளாக நின்று பணம் வசூலிக்க நம்மால் முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்த உரிமையை மறுபடி வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாதல்லவா? எனவே சேர்க்கைப் பத்திரத்தை வரிவரியாகப் படித்து, உங்களிடம் எது மிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மிச்சத்துக்குள் நின்றுதான் உரிமம் எழுத வேண்டும்.

இரண்டாவது யூடியூபின் கன்டென்ட் ஐடி, அதாவது பிறர் வீடியோவில் ஓடும் பாட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாடு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் பாட்டைப் போடும் டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் இதற்கென ஒரு டிக் பெட்டி இருக்கும். யோசிக்காமல் டிக் செய்துவிடுகிறார்கள். பிறகு பணம் கொடுத்து உரிமம் வாங்கிய வாடிக்கையாளரின் வீடியோவிலேயே கிளைம் (உரிமைக் கோரல்) விழுகிறது, விளம்பர வருமானம் உங்கள் பக்கம் திரும்புகிறது, அவர் கோபமாகக் கூப்பிடுகிறார். டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் குறிப்பிட்ட சேனல்களுக்கு விலக்கு கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிக் செய்யலாம், ஒவ்வொரு உரிமத்தோடும் அந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது இன்னும் மோசம். எங்கள் பாட்டை வாங்கிய வீடியோகிராபர் ஒருவர், தன் கல்யாண வீடியோவின் ஒலியைத் தனியாகப் பிரித்து, தன் பெயரில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றிவிட்டார். கன்டென்ட் ஐடியிலும் சேர்த்துவிட்டார். அடுத்த வாரம், எங்களிடமே முறைப்படி உரிமம் வாங்கிய குறும்பட இயக்குநருக்குக் கிளைம் போனது. வீடியோகிராபர் கெட்டவர் இல்லை, "வாங்கிட்டேன்ல, என்னோடதுதானே" என்று நம்பியிருக்கிறார். தவறு எங்கள் தாளில் இருந்தது, அப்படிச் செய்யக் கூடாது என்று எங்குமே எழுதவில்லை. தனியுரிமை (தனக்கு மட்டுமே என்ற உரிமை) இல்லாமல் உரிமம் பெற்றவர் அந்த ஒலியைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது என்பது யூடியூபின் விதியும்கூட. எங்கள் தாளிலும் அது இருந்திருந்தால் ஒரே மின்னஞ்சலில் தீர்ந்திருக்கும். இல்லாததால் இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டு, மூன்று வாரம் அலைந்து கிளைமை எடுக்க வைத்தோம்.

4. அடையாள எண்ணும் பதிவுச் சான்றும்

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும், அதைத் தனியாக அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வாங்குங்கள். 12 எழுத்து-எண் கொண்டது, டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். குரல் உள்ள பதிப்புக்கு ஒன்று, குரல் இல்லாததற்கு வேறொன்று. உரிமத் தாளில் பாட்டின் பெயரோடு இந்த எண்ணையும் எழுதினால், எந்தப் பதிப்பை விற்றோம் என்பதில் பிறகு சண்டை வராது.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. பாட்டு உருவானதுமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் பலருக்கு விற்கும் பாட்டுக்கு நான் பதிவு செய்துவிடுவேன். வழக்கென்று வந்தால் பதிவேட்டில் இருப்பது முதல் நோக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். படிவம் 14-ஐ இணையத்திலேயே நிரப்பலாம். வரிகளுக்கு 500 ரூபாய், இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. மற்றவர்களின் தடையில்லாச் சான்று கேட்பார்கள், பங்குத்தாள் போடும்போதே அதையும் வாங்கி வைத்தால் ஒரே அலைச்சல்.

5. உரிமத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள்

விலை பேசுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் ஒரே விலைக்குள் போய்விடும். ஐந்து கேள்விகள் கேளுங்கள்: எதற்கு, எங்கே ஓடும், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, பாட்டை வெட்டலாமா மாற்றலாமா.

எங்கள் கல்யாணப் பாட்டை வைத்துப் பாருங்கள். மதுரை வீடியோகிராபருக்கு: ஒரு குடும்பத்தின் வீடியோ ஒன்று, அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கவும் தன் சேனலில் போடவும், கால வரம்பு கிடையாது, நீளத்தைக் குறைக்கலாம். குறும்பட இயக்குநருக்கு: ஒரு படம், திரைவிழாக்களும் யூடியூபும், 5 ஆண்டு, உலகம் முழுவதும். கோவை நகைக்கடைக்கு: 30 விநாடி விளம்பரம், உள்ளூர் கேபிளும் சமூக ஊடகமும், 1 ஆண்டு, தமிழ்நாடு மட்டும். மூன்று பேருக்கும் பாட்டு ஒன்றுதான், ஒருவர் வேலி இன்னொருவர் நிலத்துக்குள் வரவில்லை.

"எல்லா ஊடகமும், எல்லாக் காலமும்" என்று மூவருக்குமே எழுதிக் கொடுப்பதுதான் வழக்கமான பிழை. வாடிக்கையாளர் கேட்டிருக்கவே மாட்டார், இணையத்தில் கிடைத்த மாதிரித் தாளில் அப்படி இருந்திருக்கும். அப்புறம் நகைக்கடை அடுத்த வருடமும் அதே விளம்பரத்தை ஓட்டும்போது புதுப்பிக்கச் சொல்ல வாய் எழாது.

6. விலை வைப்பது

முதலில் உங்கள் அடித்தள விலையை முடிவு செய்யுங்கள்: மிகச் சிறிய பயன்பாட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள்? அதன்மேல் ஒவ்வொரு துண்டும் கூடக் கூட ஏற்றுங்கள். நான் கணக்குப் போடும் விதம் இது. ஒரு கல்யாண வீடியோ 2,000 ரூபாய் என்றால், 5 ஆண்டுக் குறும்படம் அதைப் போல மூன்று மடங்கு, ஓராண்டு உள்ளூர் விளம்பரம் எட்டு மடங்கு. உங்கள் ஊரில் எண்கள் வேறாக இருக்கும், ஏறும் வரிசை இதுதான். விளம்பரம் எப்போதும் மேலே நிற்கும். பாட்டு அங்கே பொருளை விற்கிறது, ஒரு கடைக்கு ஓடிய பாட்டை அடுத்த கடை தொடத் தயங்கும். அந்த இழப்பும் விலைக்குள் வர வேண்டும்.

நண்பர் கேட்டால் விலையைக் குறைக்கலாம், இலவசமாகவும் கொடுக்கலாம். தாள் இல்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள்.

7. உரிமத் தாள்: எந்த வரி எதற்கு

உரிமத்தை உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டத்தின் 30ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. "ஓகே சார், யூஸ் பண்ணிக்கோங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. அப்படி எழுதாமல் விட்டால் சட்டமே நிரப்பிக்கொள்ளும்: காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா முழுவதும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று மனதில் வைத்து விலை சொன்னவருக்கு இது பெரிய நஷ்டம்.

தாளில் முதல் வரியிலேயே "இது தனியுரிமை அல்லாத உரிமம், உரிமையாளர் இதே பாட்டை வேறு எவருக்கும் உரிமம் கொடுக்கலாம்" என்று எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் வாயாலும் சொல்லுங்கள். பக்கத்துக் கல்யாணத்தில் அதே பாட்டைக் கேட்டு அவர் அதிரக் கூடாது.

உரிமை மாற்றம், அசைன்மென்ட், அவுட்ரைட், "முழு உரிமையும் விற்கப்பட்டது" ஆகிய சொற்களில் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. அவை உரிமையையே கைமாற்றும் சொற்கள். உரிமம் என்பது வாடகைக்கு விடுவது போல, உரிமை மாற்றம் என்பது கிரயம் எழுதிக் கொடுப்பது போல. வாடிக்கையாளர் தன் தாளைக் கொண்டுவந்தால் முதலில் இந்தச் சொற்களைத் தேடுங்கள். "எதிர்கால ராயல்டி எதையும் கேட்க மாட்டேன்" என்ற வரியையும் நீக்கச் சொல்லுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு வரிகளும் மெட்டும் செய்தவர் ராயல்டியில் தன் சமபங்கை அப்படி விட்டுக்கொடுக்கவே முடியாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர.

பிறகு வர வேண்டியவை: ஐந்தாம் படியில் வெட்டிய ஐந்து துண்டுகளும் அப்படியே. பாட்டைத் தனியாக வெளியிடவோ, பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ, கன்டென்ட் ஐடி போன்ற எதிலும் பதிவு செய்யவோ கூடாது என்ற தடை. வரிகள், இசை, குரல் பெயர்களை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பது. பொதுவில் நிகழ்த்தும் உரிமை இதில் அடங்காது என்பது. பணம் முழுவதும் வந்த பிறகே உரிமம் நடைமுறைக்கு வரும் என்பது. இந்தக் கடைசி வரி இல்லாமல் முன்பணத்தோடு கோப்பைக் கொடுத்தால், மீதிக்காக மாதக்கணக்கில் போன் செய்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டு பக்கம் போதும். உள்ளூர் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், படித்துப் புரிந்து கையெழுத்திட்டவர் மீறுவது குறைவு. பெரிய தொகை, வெளிநாட்டு நிறுவனம் என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

8. கோப்புகளைக் கொடுப்பது

பணம் வரும்வரை, இடையிடையே ஒரு குரல் ஒலிக்கும்படி முத்திரை போட்ட எம்பி3. வந்த பிறகு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, ஏனென்றால் வீடியோ வேலை பெரும்பாலும் அந்த அளவில்தான் நடக்கிறது. முழு நீளம், குரல் இல்லாதது, 60, 30, 15 விநாடிகள் என்று முன்கூட்டியே வெட்டி வைத்திருங்கள். வாங்கிய பதிப்பை மட்டும் அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே உரிம எண்ணைச் சேர்த்துவிட்டால், எங்காவது அந்தக் கோப்பு கிடைக்கும்போது யாரிடமிருந்து போனது என்று தெரியும்.

9. பதிவேடு

பலர் இதைக் கடைசியில் செய்யலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் வரை ஞாபகத்தில் நிற்கும், ஐந்தாவதில் குழம்பும். ஒரு கூகுள் ஷீட் போதும். எங்கள் பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: உரிம எண் 07, கோவை நகைக்கடை, 30 விநாடி, குரல் உள்ளது, கேபிள் மற்றும் சமூக ஊடகம், தமிழ்நாடு, தொடக்கம் சித்திரை 1, முடிவு பங்குனி கடைசி, பணம் வந்தது, பங்கு பிரித்தாயிற்று, விலக்குப் பட்டியலில் சேனல் சேர்த்தாயிற்று.

முடிவுத் தேதிக்கு 45 நாள் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். கடைக்காரரை அப்போதே கூப்பிட்டு, "அண்ணாச்சி, பாட்டு அடுத்த மாசம் முடியுது, தொடரலாமா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் தொடர்கிறேன் என்பார்கள். தேதி கடந்த பிறகு கேட்டால் அது மிரட்டல் போலத் தெரியும்.

10. "இனி வேற யாருக்கும் தராதீங்க" என்று ஒருவர் கேட்டால்

பாட்டு கொஞ்சம் பரவியதும் இது வரும். சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பதிவேட்டைத் திறந்து, யார் யாருக்கு எதுவரை கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த உரிமங்கள் அவற்றின் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும். மறைக்காமல் பட்டியலைக் கேட்கிறவரிடம் காட்டுங்கள், ஒப்பந்தத்திலும் "முன்பே கொடுத்த இவை தொடரும்" என்று இணையுங்கள். மறைத்தால் முதல் மோதலிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

சட்டத்தில் தனியுரிமை உரிமம் என்றால், அந்த உரிமைக்கு உரிமையாளரையும் சேர்த்து மற்ற எல்லோரையும் விலக்குவது. அதாவது உங்கள் சேனலில் உங்கள் பாட்டையே போட முடியாமல் போகலாம். பெரும்பாலான வாடிக்கையாளருக்கு இவ்வளவு தேவையே இருக்காது. பேசிப் பாருங்கள். நகைக்கடைக்காரரின் கவலை இன்னொரு நகைக்கடை அதே பாட்டைப் போடக் கூடாது என்பதுதான், கல்யாண வீடியோவில் ஓடினால் அவருக்கு லாபமே. "நகைத் துறையில் மட்டும், தமிழ்நாட்டில், ஓராண்டு தனியுரிமை" என்று எழுதினோம், வழக்கமான விலையைப் போல இரண்டரை மடங்கு வாங்கினோம். மற்ற கதவுகள் எல்லாம் திறந்தே இருந்தன.

அப்படியும் முழுத் தனியுரிமை வேண்டும் என்பவரிடம், அந்தக் காலத்தில் மற்றவர்களிடமிருந்து வரக்கூடிய வருமானத்தைக் கூட்டி, அதற்குமேல் கேளுங்கள். கால வரம்பு கட்டாயம் வையுங்கள். கையெழுத்தான அன்றே உங்கள் பட்டியலிலிருந்தும், பாட்டை ஏற்றியிருக்கும் மற்ற உரிமத் தளங்களிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்த ஒரு தளத்தில் மறுநாள் யாராவது வாங்கிவிட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்.

11. வரியும் வசூலும்

நிறுவனங்கள் ராயல்டி கொடுக்கும்போது, வரம்புத் தொகையைத் தாண்டினால், 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், பிறகு கணக்குத் தாக்கலில் எடுத்துக்கொள்ளலாம். பங்கு பிரிக்கும்போது பிடித்தம் போன தொகையையும் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள். பாடலாசிரியருக்குத் தொகை குறைந்து போனால் உங்கள்மீதுதான் சந்தேகம் வரும்.

சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இசையமைப்பாளர் தன் படைப்பின் உரிமையை இசை நிறுவனத்துக்கோ தயாரிப்பாளருக்கோ கொடுக்கும்போது ஜிஎஸ்டியை வாங்குபவரே கட்டும் முறை இருக்கிறது. மாஸ்டருக்கான உரிமம் அதில் வராது. இரண்டையும் ஒரே பில்லில் கலக்காமல், இசைக்கான தொகை தனி, மாஸ்டருக்கான தொகை தனி என்று பிரித்து எழுதி, ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.